'கன்சல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையின்றிக் கையாள்வது எப்படி?

கல்லடியில் மாலை வகுப்பில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் உயர்தர மாணவி ஒருவர், தாயாருக்குச் சுகமில்லாததால் இரண்டு நாள் விடுமுறை கேட்டுப் பாடசாலைக்கு எழுதிய கடிதத்தை, கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டினார். நீல மையில், எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாமல் எழுதியிருந்தார். ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் "த டொக்டர் கன்சல்டெட் மை மதர் டு டேக் ரெஸ்ட்" என்று இருந்தது. ஓய்வெடுக்கும்படி வைத்தியர் அம்மாவுக்கு ஆலோசனை கூறினார் என்பதே அவர் சொல்ல நினைத்தது. ஆங்கிலம் அறிந்தவர் அதை வாசித்தால், தாம் ஓய்வெடுப்பதற்காக வைத்தியர் அம்மாவிடம் போய் ஆலோசனை கேட்டார் என்றே விளங்கிக்கொள்வார்.

இந்தப் பிழையை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பாடசாலை மாணவர்கள் மட்டுமல்லாமல், அலுவலகங்களில் நாளாந்தம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுபவர்களும் இதைச் செய்கிறார்கள். இதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று. அந்தச் சொல்லை நாம் மனத்தில் பதித்துக்கொண்ட விதமே காரணம். 'கன்சல்ட் என்றால் ஆலோசனை' என்று ஒற்றைச் சொல்லாக மனனம் செய்துகொள்கிறோம். தமிழில் 'ஆலோசனை' என்ற பெயர்ச்சொல்லுக்குத் திசை கிடையாது. ஆலோசனை கேட்கலாம், பெறலாம், சொல்லலாம், வழங்கலாம். பின்னால் வரும் வினைதான் யார் கேட்கிறார், யார் சொல்கிறார் என்பதைக் காட்டுகிறது. ஆங்கிலத்தின் 'கன்சல்ட்' ஒரே சொல்லுக்குள் அந்தத் திசையையும் அடக்கி வைத்திருக்கிறது. எழுவாயாக நிற்பவர் தேவையோடு போகிறவர். செயப்படுபொருளாக நிற்பவர் அறிந்தவர், அல்லது அறிவைத் தன்னிடம் கொண்ட ஒரு பொருள். மாறித் திரும்பும் திசைக்கு 'அட்வைஸ்' என்ற வேறு வினை இருக்கிறது. நோயாளி வைத்தியரைக் கன்சல்ட் செய்வார். வைத்தியர் நோயாளிக்கு அட்வைஸ் செய்வார். மாணவியின் வாக்கியத்தில் அந்த ஒரு வினையை மாற்றி, "த டொக்டர் அட்வைஸ்ட் மை மதர் டு டேக் ரெஸ்ட்" என்று எழுதியதும் எல்லாம் சரியாகிவிட்டது.

ஆகவே இந்தச் சொல்லைப் படிக்கத் தொடங்குபவர் 'ஆலோசனை' என்ற பொருளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, 'நாடு' என்ற வினையை அதற்கு இணையாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். "நோய் அறிகுறிகள் நீடித்தால் வைத்தியரை நாடவும்" என்று மருந்துப் பெட்டிகளிலும் சுகாதார அறிவித்தல்களிலும் நாம் காண்கிறோம். அதே வாக்கியம் ஆங்கிலத்தில் "இஃப் சிம்ப்டம்ஸ் பெர்சிஸ்ட், கன்சல்ட் யுவர் டொக்டர்" என்று அச்சிடப்பட்டிருக்கும். 'நாடு' என்று பதித்துக்கொள்வதால் இரண்டு நன்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, நாடிப் போகிறவர் யார் என்ற ஐயமே எழாது. இரண்டாவது நன்மை இலக்கணம் சார்ந்தது. நம்மவர் அடிக்கடி இடறும் இன்னொரு இடத்தையும் அது சரிசெய்துவிடுகிறது.

'கேள்' என்ற வினையைத் தமிழில் 'இடம்' என்ற உருபோடுதான் வழங்குகிறோம்: வைத்தியரிடம் கேட்டேன், சட்டத்தரணியிடம் கேட்டேன். அந்த 'இடம்' ஆங்கிலத்தில் எழுதும்போது 'டு' என்றோ 'ஃப்ரொம்' என்றோ வந்து ஒட்டிக்கொள்கிறது. "ஐ கன்சல்டெட் டு த லோயர்", "ஐ கன்சல்டெட் ஃப்ரொம் த லோயர்" என்றெல்லாம் எழுதப்படுவது இப்படித்தான். இரண்டும் பிழை. 'நாடு' என்ற வினை நேரே இரண்டாம் வேற்றுமையை எடுக்கிறது: சட்டத்தரணியை நாடினேன். ஆங்கில வினையும் அவ்வாறே இடையில் எந்த முன்னிடைச்சொல்லும் இல்லாமல் செயப்படுபொருளை எடுக்கிறது: "ஐ கன்சல்டெட் அ லோயர்." தமிழ் வாக்கியத்தில் 'ஐ' உருபு வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ஒன்றும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பிழை நேராது.

எதைப் பற்றிக் கேட்டோம் என்பதைச் சொல்ல வேண்டுமானால் மட்டும் பின்னால் 'அபவுட்' அல்லது 'ஒன்' சேர்க்க வேண்டும். காணி உறுதி பற்றிச் சட்டத்தரணியை நாடினேன் என்பது "ஐ கன்சல்டெட் அ லோயர் அபவுட் த டீட்" ஆகும். 'அபவுட்' எல்லா இடத்துக்கும் பொருந்தும். 'ஒன்' சற்று அலுவலகச் சாயல் உடையது; கொள்கை, திட்டம், சட்டவரைவு போன்ற பெரிய விடயங்களுக்கு அது இயல்பாக வரும்.

மனிதரையும் பொருளையும் ஒரே வினையால் குறிப்பது இந்தச் சொல்லின் இன்னொரு பண்பு. தமிழில் நாம் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பேசுகிறோம். ஆளிடம் கேட்கிறோம்; ஏட்டைப் பார்க்கிறோம். கலியாணத்துக்கு நாள் வைப்பதற்குச் சாத்திரியிடம் கேட்கிறோம், பஞ்சாங்கத்தைப் பார்க்கிறோம். ஆலயச் சடங்கில் தெய்வமாடுபவரிடம் வாக்குக் கேட்கிறோம். கடலுக்குப் போகிறவர் வானிலை அறிவித்தலைப் பார்க்கிறார். ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் 'கன்சல்ட்' பொருந்தும்: சாத்திரியைக் கன்சல்ட் செய்யலாம், பஞ்சாங்கத்தைக் கன்சல்ட் செய்யலாம், அகராதி, வரைபடம், நேர அட்டவணை, பழைய கோவைகள், கைக்குறிப்பு எல்லாவற்றையும் கன்சல்ட் செய்யலாம். கதைகளில் ஒருவர் தம் கைக்கடிகாரத்தைக் கன்சல்ட் செய்தார் என்று வந்தால், நேரம் என்ன என்று அறிவதற்காக அதைப் பார்த்தார் என்பதே பொருள். வெறுமனே பார்வை அதன்மேல் விழுந்தது என்றால் இந்தச் சொல் வராது. ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவையோடு பார்த்தால்தான் வரும். நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பதைக் கன்சல்ட் செய்தல் என்று யாரும் சொல்வதில்லை. தேவையான பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்ப்பதையே அவ்வாறு சொல்வார்கள்.

இங்கே ஒரு நுட்பமான பிழையையும் சுட்ட வேண்டும். அகராதியைக் கன்சல்ட் செய்யலாம். அகராதியில் உள்ள சொல்லைக் கன்சல்ட் செய்ய முடியாது. சொல்லுக்கு 'லுக் அப்' என்ற வினையே வரும். "லுக் அப் த வேர்ட் இன் த டிக்‌ஷனரி" என்பதும் "கன்சல்ட் த டிக்‌ஷனரி" என்பதும் சரி. "கன்சல்ட் த வேர்ட்" என்பது சரியன்று. அறிவைத் தன்னிடம் வைத்திருப்பது அகராதிதான். சொல் நாம் தேடுகிற பொருள் மட்டுமே.

நம்முடைய தமிழிலும் மனிதரையும் நூலையும் ஒன்றாக அடக்கும் பழைய சொல் ஒன்று உண்டு. 'உசாவு' என்றால் ஆராய்ந்து கேட்டல். அதிலிருந்து வந்த 'உசாத்துணை' என்ற சொல்லை இலங்கைத் தமிழில் இன்றும் நூலகங்களில் காண்கிறோம். உசாத்துணைப் பகுதி என்று எழுதியிருக்கும் இடத்தில் உள்ள அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். அங்கேயே இருந்து, வேண்டியதைப் பார்த்து, வைத்துவிட்டு வர வேண்டும். 'கன்சல்ட்' என்ற வினையை நூலுக்கு வழங்கும்போது அதன் பொருள் இதுவே. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி ஏற்படுவதுண்டு. ஆங்கிலச் சொல்லொன்றை விளங்கிக்கொள்வதற்கான சரியான திறப்பு நம் நூலகத்துக்குள் தமிழிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

இனி 'கன்சல்ட் வித்' என்ற வடிவத்துக்கு வருவோம். 'வித்' சேர்ந்தால் அது 'நாடு' என்ற பொருளை விட்டுச் சற்று விலகி, 'கலந்து பேசு', 'கலந்தாலோசி' என்ற பொருளை நோக்கிச் செல்கிறது. இரு தரப்பும் பேசுகின்றன. இரு தரப்பிடமும் சொல்ல ஏதோ இருக்கிறது. மணப்பெண்ணின் தந்தை, "என் அண்ணன்மாரோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால், அதை "ஐ வில் கன்சல்ட் வித் மை பிரதர்ஸ்" என்று எழுதுவது பொருத்தம். அண்ணன்மாரை அவர் நிபுணர்களாக நாடவில்லை, உடனிருந்து முடிவெடுப்பவர்களாகவே சேர்த்துக்கொள்கிறார். அமெரிக்க ஆங்கிலத்தில் வைத்தியர், சட்டத்தரணி போன்றவர்களுக்கும் 'வித்' சேர்ப்பது பரவலான வழக்கம். பிரித்தானிய ஆங்கிலத்தை ஒட்டி எழுதும் நாம் அங்கே 'வித்' இல்லாமல் எழுதுவதே நல்லது. நூலுக்கும் வரைபடத்துக்கும் எந்த ஆங்கிலத்திலும் 'வித்' வராது. அகராதி நம்மோடு கலந்து பேசுவதில்லை.

எழுவாய் கேட்பவர், செயப்படுபொருள் சொல்பவர் என்று மேலே சொன்ன விதிக்கு ஒரு விலக்கு உண்டு. செயப்படுபொருள் இல்லாமல் இந்த வினை தனித்து வந்தால் திசை திரும்பிவிடக்கூடும். "ஷீ கன்சல்ட்ஸ் ஃபோர் அ பேங்க்" என்றால், அவர் ஒரு வங்கிக்கு ஆலோசகராகப் பணியாற்றுகிறார் என்று பொருள். இங்கே எழுவாய்தான் ஆலோசனை வழங்குபவர். இந்த வைத்தியர் செவ்வாய்க்கிழமைகளில் கன்சல்ட் செய்கிறார் என்றாலும், அன்றைக்கு அவர் நோயாளர்களைப் பார்க்கிறார் என்றே கொள்ள வேண்டும். மாணவர்கள் இதைப் படித்ததும் முதல் விதியே தளர்ந்துவிட்டது என்று குழம்புவார்கள். குழம்பத் தேவையில்லை. வினைக்கு அடுத்து ஓர் ஆளோ பொருளோ நேராக நின்றால் முதல் விதி எப்போதும் மாறாது; அங்கே 'ஃபோர்' நின்றாலோ, ஒன்றுமே நிற்காவிட்டாலோ மட்டும் ஒரு கணம் நிதானித்து வாசிக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்தின் பெயர்ச்சொற்களில் 'கன்சல்டன்ட்' மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாளாந்தம் காதில் விழுவது. முற்காலத்தில் தெய்வ வாக்குக் கேட்கச் செல்கிறவரையும் ஆங்கிலத்தில் கன்சல்டன்ட் என்று சொன்னார்கள். இன்று அந்தப் பொருள் மறைந்து, ஆலோசனை வழங்குபவர் என்ற பொருளே நிற்கிறது. இதைத் தமிழாக்கும்போது இடம் பார்க்க வேண்டும். திட்டங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுபவரை 'ஆலோசகர்' என்பது சரி. வைத்தியசாலையில் அதே சொல் ஒரு துறையில் உயர் தகைமை பெற்று, ஒரு விடுதியின் சிகிச்சைப் பொறுப்பை ஏற்றிருக்கும் வைத்தியரைக் குறிக்கும். பிரித்தானியாவிலும் இலங்கையிலும் இது பதவிப் பெயர். அவரை 'ஆலோசகர்' என்று மொழிபெயர்த்தால், வாசிப்பவர் மனநல ஆலோசனை தருபவர் என்று நினைத்துவிடுவார். 'விசேட வைத்திய நிபுணர்' என்பதே இங்கு வழங்கும் பெயர். மனநல ஆலோசனை தருபவர் ஆங்கிலத்தில் 'கவுன்சிலர்' எனப்படுபவர். தமிழில் 'உளவளத்துணையாளர்' என்ற அருமையான சொல் நம்மிடம் வழக்கில் இருக்கிறது.

'சனல்' என்ற சொல்லையும் இங்கே விட்டுவிட முடியாது. தனியார் வைத்தியசாலையில் நிபுணர் ஒருவரைச் சந்திக்க முற்பதிவு செய்வதை நாம் எல்லோரும் 'சனல் பண்ணுதல்' என்கிறோம். இலங்கை ஆங்கிலத்திலும் 'சனல் அ டொக்டர்' என்பது நிலைபெற்ற வழக்கு. இலங்கையருக்கு இடையில் அதில் தவறேதும் இல்லை. ஆனால் இலண்டனில் அல்லது டொரன்டோவில் உள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கோ, தூதரகத்துக்கோ எழுதும்போது அந்தச் சொல் விளங்காது. அந்த வினைக்கு அவர்கள் அறிந்த பொருள் வேறு. "ஐ கன்சல்டெட் அ கார்டியோலொஜிஸ்ட்" என்று எழுதுங்கள். பற்றுச்சீட்டில் உள்ள கட்டணத்தைக் 'கன்சல்டேஷன் ஃபீ' என்று குறிப்பிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகவும், விசா விண்ணப்பத்துக்காகவும் மருத்துவ விபரங்களை ஆங்கிலத்தில் எழுதும் பெற்றோர் பலர் நம்மிடையே இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒலியாலும் எழுத்தாலும் நெருங்கி வந்து மயக்கும் சொற்கள் சில உண்டு. 'கவுன்சல்' என்று ஒலிக்கும் சொல், எஸ் எழுத்தோடு வந்தால் அறிவுரை அல்லது வழக்கில் தோன்றும் சட்டத்தரணி. சீ எழுத்தோடு வந்தால் சபை. சனாதிபதி சட்டத்தரணி என்ற பட்டத்தில் வருவது முதலாவது. மாநகர சபையில் வருவது இரண்டாவது. இலத்தீனிலேயே இவை வெவ்வேறு சொற்கள்: ஒன்று 'கொன்சிலியும்' என்று எஸ் எழுத்தோடும், மற்றது சீ எழுத்தோடும் எழுதப்பட்டவை. 'கொன்சல்' என்பது வெளிநாட்டில் தன் நாட்டவரின் காரியங்களைக் கவனிக்கும் துணைத் தூதர். பழைய உரோமில் அது ஆண்டுதோறும் தெரிவுசெய்யப்பட்ட இரண்டு தலைமை ஆட்சியாளர்களின் பெயராக இருந்தது. நமது 'கன்சல்ட்' அந்தச் சொல்லோடு உறவுடையது. 'கலந்தெண்ணுதல்' என்ற பொருள் கொண்ட இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. உரோமக் குடியரசில் ஆட்சியாளர் மூதவையைக் கூட்டிக் கேட்பார்; மூதவை சொல்லும் கருத்துக்கு 'செனாட்டுஸ் கொன்சுல்டும்' என்று பெயர். பெயரளவில் அது சட்டமன்று, கேட்டவருக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை. அந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம், கேட்டவர் கையில்தான் முடிவு இருக்கிறது என்ற கருத்து இந்தச் சொல்லின் வேரிலேயே இருப்பதைக் காட்டத்தான். சற்றுப் பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது, வினைச்சொல்லின் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும் என்பதே: கன்-சல்ட். முதல் அசையை மெல்லச் சொல்லி விட்டுவிட வேண்டும். இரண்டாம் அசையை உப்புக்குரிய 'சோல்ட்' போல ஒலிக்கக் கூடாது. 'கப்' என்ற சொல்லில் வரும் குறுகிய அகரமே அங்கு வரும். 'கன்சல்டேஷன்' என்னும்போது அழுத்தம் 'டே' என்ற அசைக்கு நகர்ந்துவிடும்.

எல்லா இடத்திலும் இந்தச் சொல்லைப் போட வேண்டும் என்பதும் இல்லை. இது சற்றுக் கனமான சொல். எந்தக் கடையில் சேலை வாங்கலாம் என்று தோழியிடம் கேட்டதை 'கன்சல்ட்' என்று எழுதினால், தோழி புடைவைத் துறையில் நிபுணர் என்பதுபோல் ஆகிவிடும், 'ஆஸ்க்' போதும். பேச்சில் வைத்தியரைப் பார்க்கப் போனேன் என்பதற்கு 'வென்ட் டு சீ அ டொக்டர்' என்பதே இயல்பு. கடிதத்திலும் அறிக்கையிலும் கன்சல்ட், பேச்சில் சீ அல்லது ஆஸ்க் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: 'அட்வைஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் பன்மை இல்லை. தமிழில் 'ஆலோசனைகள்' என்று தாராளமாகச் சொல்கிறோம்; அதை அப்படியே 'அட்வைசஸ்' என்று எழுதுவது நம்மவர் கடிதங்களில் மிகுதி. "சம் அட்வைஸ்" அல்லது "அ பீஸ் ஒஃப் அட்வைஸ்" என்று எழுத வேண்டும். பெயர்ச்சொல்லில் சீ எழுத்து, வினையில் எஸ் எழுத்து.

நான் மிகவும் முக்கியமாகக் கருதும் பகுதி இனிமேல்தான் வருகிறது. 'இன் கன்சல்டேஷன் வித்' என்ற தொடர் அரச கடிதங்களிலும் திட்ட அறிக்கைகளிலும் எங்கும் நிறைந்திருக்கிறது. அதை எழுதுபவர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்து வாசிக்க வேண்டும். ஒருவரைக் கலந்தாலோசித்து முடிவெடுப்பது என்றால், முடிவுக்கு முன் அவரிடம் கேட்க வேண்டும், அவர் சொல்வதைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஆனால் அவர் சொன்னபடியே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சொல்லில் இல்லை. அவருடைய சம்மதம் பெறப்பட்டது என்றும் அது சொல்லவில்லை. சம்மதத்துக்கு 'கன்சென்ட்' என்ற வேறு சொல் உண்டு. எழுத்தில் அருகருகே இருப்பதால் இவ்விரண்டையும் மாற்றி வாசிப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

நமது நாட்டின் அரசியலமைப்பே இந்த வேறுபாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அமைச்சர்களின் எண்ணிக்கையைச் சனாதிபதி தீர்மானிப்பது பற்றி 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பேசும்போது, பிரதமரைக் கலந்தாலோசித்து என்ற பொருளில் 'இன் கன்சல்டேஷன் வித்' என்ற தொடரை வைத்து, அத்தகைய கலந்தாலோசனை அவசியம் என்று சனாதிபதி கருதும் இடத்தில் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. 2015இல் நிறைவேறிய 19ஆவது திருத்தம், எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்தத் தொடரை அவ்வாறே விட்டு, அமைச்சர்களை நியமிக்கும் இடத்தில் 'ஒன் த அட்வைஸ் ஒஃப்' என்ற தொடரை வைத்தது. பாராளுமன்ற மரபில் 'அட்வைஸ்' என்று அவ்வாறு எழுதப்பட்டால், அதன்படியே செய்ய வேண்டும் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தமிழில் இரண்டிலும் 'ஆலோசனை' என்ற சொல் வந்துவிடுவதால், விரைந்து வாசிப்பவருக்கு வேறுபாடே தெரியாமல் போகலாம். அதனால் நான் மொழிபெயர்க்கும்போது முதலாவதைக் 'கலந்தாலோசித்து' என்றும், இரண்டாவதை 'ஆலோசனையின் பேரில்' என்றும் எழுதி, இரண்டையும் ஒருபோதும் கலக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

அரசியலமைப்பு தூரத்து விடயமாகத் தோன்றினால், வயலுக்கு வருவோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன் ஆரம்பக் கூட்டம் நடைபெறும். விவசாய அமைப்புகளின் பிரதிநிதிகளும், வட்டை விதானைமாரும், நீர்ப்பாசன, கமநலத் திணைக்கள உத்தியோகத்தர்களும் கூடியிருந்து, எத்தனையாம் திகதி விதைப்பது, குளத்திலிருந்து எப்போது நீர் திறப்பது, மாடுகளை எந்தத் திகதிக்குள் வயற்கண்டங்களிலிருந்து அப்புறப்படுத்துவது என்பதையெல்லாம் பேசி முடிவெடுப்பார்கள். மேல் வயல்காரர் ஒரு திகதி கேட்பார், கீழ் வயல்காரர் இன்னொரு திகதி கேட்பார், பொறியியலாளர் குளத்தில் உள்ள நீர்மட்டத்தைச் சொல்வார். விவசாயிகளைக் கலந்தாலோசித்துத் திகதி தீர்மானிக்கப்பட்டது என்று இந்தக் கூட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால், அந்தச் சொல் அதற்குரிய இடத்தில் இருக்கிறது. கேட்டவர் இருக்கிறார், சொன்னவர் இருக்கிறார், முடிவு பேச்சுக்குப் பின் வந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், வாவியோரக் கிராமமொன்றில் தோணிகளுக்கு இறங்குதுறை கட்டும் திட்டத்துக்காக வந்திருந்த ஓர் அமைப்பின் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். எங்கே கட்டுவது என்ற வரைபடம் ஏற்கெனவே சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. விளக்கம் சொன்னார்கள், தேநீர் கொடுத்தார்கள், வரவுப் பதிவில் கையொப்பம் வாங்கினார்கள். சில வாரங்களில் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்குவதற்காக என்னிடம் அனுப்பினார்கள். மீனவச் சமூகத்தைக் கலந்தாலோசித்து இடம் தெரிவுசெய்யப்பட்டது என்று அதில் 'இன் கன்சல்டேஷன் வித்' தொடரோடு எழுதியிருந்தது. நான் அதை உள்ளபடியே தமிழாக்கிக் கொடுத்தேன். அந்தத் தமிழ் வாக்கியத்தை ஊரில் வாசித்துக் காட்டியபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "மகள், இடத்த முடிவெடுத்துப் போட்டுத்தானே வந்து சொன்னவங்க. எங்களிட்ட எப்ப கேட்டவங்க?" என்றார். அவர்கள் காட்டிய இடத்தில் சிறுபோக காலத்தில் நீர் வற்றித் தோணி தரைதட்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அறிவிப்பது 'இன்ஃபோர்ம்'. கேட்பது 'கன்சல்ட்'. அறிக்கையை எழுதியவர் பொய் சொல்ல நினைத்தார் என்று நான் கருதவில்லை. கூட்டம் வைத்தாலே அது கன்சல்டேஷன்தான் என்று நினைத்திருக்கிறார். ஆனால் சொல் தவறிய இடத்தில் ஊரவரின் உரிமையும் தவறிப்போனது. ஆகையால் இத்தகைய அறிக்கையை வாசிப்பவர் மூன்று விபரங்களைத் தேட வேண்டும்: எந்த முடிவைப் பற்றிக் கேட்டார்கள், முடிவுக்கு முன் கேட்டார்களா, சொன்னவர்களின் வார்த்தை எங்காவது பதியப்பட்டிருக்கிறதா. 2016இல் அமைக்கப்பட்ட, நல்லிணக்கப் பொறிமுறைகள் தொடர்பான கலந்தாலோசனைச் செயலணி மாவட்டம் மாவட்டமாக மக்களின் கருத்தைக் கேட்டு, 2017 ஜனவரியில் தன் அறிக்கையைக் கையளித்தது. அதன் பரிந்துரைகளை அரசு என்ன செய்தது என்பது வேறு விடயம். பொறிமுறைகளை அமைப்பதற்கு முன் மக்களிடம் போய்க் கேட்டதனால், அந்தப் பெயரில் உள்ள 'கன்சல்டேஷன்' தன் பொருளோடு நிற்கிறது.

ஊரவர்கள் அந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டார்கள். அதன் முக்கிய வாக்கியத்தை இங்கே தருகிறேன். இதே தேவையுடைய வேறு ஊரவருக்கும் உதவக்கூடும். "வீ ரிக்வெஸ்ட் தட் வீ பீ கன்சல்டெட் பிஃபோர் எனி டிசிஷன் இஸ் மேட் ஒன் த சைட்." இடத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்கப்படுவதற்கு முன்னர் எம்மிடம் கேட்கும்படி வேண்டுகிறோம் என்பது அதன் பொருள். 'ரிக்வெஸ்ட் தட்' என்பதற்குப் பின் 'ஆர்' வராமல் 'பீ' வருவதைக் கவனியுங்கள். 'ஷுட் பீ' என்றும் எழுதலாம். செயப்பாட்டு வினையாக இருப்பதால், கேட்கப்படுபவர்கள் நாங்கள் என்பது தெளிவு. "கைன்ட்லி இன்ஃபோர்ம் அஸ்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால், முடிவெடுத்த பின் எமக்கு அறிவித்தால் போதும் என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

கடிதத்தை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பெரியவர் அந்த வாக்கியத்தில் நிறுத்தி, 'முன்னர்' என்பதற்கு இதில் எந்தச் சொல் என்று கேட்டார். 'பிஃபோர்' என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டினேன். அதற்குக் கீழே ஒரு கோடு போடச் சொன்னார். அலுவலகக் கடிதத்தில் அப்படிக் கோடு போடும் வழக்கம் இல்லை என்றாலும், அடிமட்டம் வைத்து நேராகப் போட்டுக் கொடுத்தேன்.